டிஸ்சார்ஜ் ஆகப் போகும் ஹவில்தாருக்கு வருமான வரி எங்கிருந்து வரும்?

தம்பி கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். ராணுவத்தில் 24 ஆண்டு சர்வீஸ் முடித்து, வரும் நவம்பர் 30-ஆம் தேதி ஹவில்தாராக டிஸ்சார்ஜ். இப்போது லடாக்கில் இருக்கிறார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் குடியாத்தத்தில். அப்பாவும் ராணுவத்தில் இருந்தவர், காலமாகிவிட்டார். 68 வயது அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. பழைய வரி முறையா, புதியதா? வரி மிச்சமாக ஒன்றரை லட்சத்துக்கு பாலிசி எடுக்கச் சொல்கிறார்களே, எடுக்கலாமா? கையில் வரப்போகும் மொத்தப் பணத்துக்கு வரி உண்டா? அதை மனைவி பெயரில் போட்டால் வரி குறையுமா? வெளியே வந்து வங்கி வேலையில் சேர்ந்தால் என்ன ஆகும்?

நான் கிளார்க் டிரேடில் இருந்து சுபேதாராக வெளியே வந்தவன். பல வருடமாக எங்கள் பக்கத்து முன்னாள் படைவீரர்களுக்கு ரிட்டர்ன் (வருமான வரிக் கணக்கு) போட உதவி செய்கிறேன். அதில் நான் கண்டது: சீருடையில் இருக்கும் வரை ஜவானுக்கு வருமான வரிச் சுமை இப்போது அநேகமாக இல்லை. வெளியே வந்த முதல் இரண்டு மூன்று வருடத்தில்தான் அது வந்து சேர்கிறது. ஆனால் நம் ஆட்கள் சர்வீஸில் இருக்கும்போது வரி வரி என்று பயந்து தேவையில்லாததை வாங்குகிறார்கள். வெளியே வந்த பிறகு, கவனிக்க வேண்டிய நேரத்தில், கவனிப்பதில்லை. அதனால் உங்கள் கேள்விகளில் கடைசி இரண்டுக்குத்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

நான் சொல்லும் கணக்கெல்லாம் 2025–26 நிதியாண்டுக்கானது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம், அதில் பிரிவு எண்கள் வேறு. அதனால் பிரிவு எண்களை அதிகம் இழுக்கவில்லை.

முதலில் பழையதா, புதியதா. புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போய், 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம். ஆனால் வரிக்கு உட்பட்ட வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாவிட்டால் ரிபேட் (வரித் தள்ளுபடி) கிடைத்து வரி முழுவதும் கழிந்துவிடும். சம்பளக்காரருக்கும் பென்ஷனருக்கும் 75,000 ரூபாய் நிலையான கழிவு இருப்பதால், சம்பளம் மட்டும்தான் வருமானம் என்றால் 12,75,000 வரை வரி பூஜ்யம். உங்கள் பே ஸ்லிப்பில் மாதம் சுமார் 90,000 வருகிறது என்று வைத்துக்கொண்டால், முழு வருடம் வேலை பார்த்தாலும் 10.8 லட்சம்தான். வரி இல்லை. இதற்காக நீங்கள் எந்த முதலீடும் காட்ட வேண்டியதில்லை.

பழைய முறையில்தான் 80சி (பாலிசி, சேமிப்புகளுக்கான கழிவு), வீட்டுக் கடன் வட்டி, படைவீரர் படிகளுக்கான விலக்கு எல்லாம் உண்டு. இந்தப் படி விஷயத்தில் நம்மவர்களிடம் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. ஃபீல்டில் (எல்லை போன்ற களப் பகுதிகளில்) வாங்கும் படிக்கு வரியே கிடையாது என்று நினைக்கிறார்கள். சட்டம் விலக்குத் தருவது ஒரு சிறிய தொகைக்குத்தான், அதுவும் பழைய முறையில் மட்டும். ஃபீல்டு ஏரியா படியில் மாதம் 2,600 ரூபாய். மாடிஃபைடு ஃபீல்டுக்கு (கடினம் சற்றுக் குறைந்த களப் பகுதி) 1,000. கவுன்ட்டர் இன்சர்ஜென்சிக்கு (கிளர்ச்சி ஒடுக்கும் பணி) 3,900. ஹைலி ஆக்டிவ் ஃபீல்டுக்கு 4,200. உயரமான இடத்துப் படியில், 9,000 முதல் 15,000 அடி வரை 1,060, அதற்கு மேல் 1,600. அந்தமான், லட்சத்தீவில் தீவுப் பணிப் படிக்கு 3,250. சியாச்சினுக்கு 7,000. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் 2017-இல் சியாச்சின் படியை ஜேசிஓ (சுபேதார் போன்ற நிலையினர்), ஜவான்களுக்கு மாதம் 30,000 ஆகவும் அதிகாரிகளுக்கு 42,500 ஆகவும் உயர்த்தினார்கள். விலக்கு 7,000-த்திலேயே நின்றுவிட்டது. பனிப்பாளத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவன் வாங்கும் படி முழுவதற்குமே விலக்கு தந்திருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஆனால் இன்றைய சட்டம் இதுதான், அதன்படிதான் கணக்குப் போட முடியும். மிலிட்டரி சர்வீஸ் பே, அதாவது நமக்கு வரும் 5,200, முழுவதும் வரிக்கு உட்பட்டது. டிரஸ் அலவன்ஸும் புதிய முறையில் வருமானம்தான்.

ஜேசிஓ, ஜவான்களுக்குப் பழைய முறை லாபமாக இருந்து நான் பார்த்து வெகுநாள் ஆயிற்று. அதிகாரிகளுக்கே அபூர்வம்தான். ஆண்டுக்கு 24 லட்சம் வாங்கும் ஒருவருக்கு, நிலையான கழிவு போக இன்னும் ஏறக்குறைய 8 லட்சம் கழிவு இருந்தால்தான் பழைய முறை ஈடாகும். 80சி ஒன்றரை லட்சம், வீட்டுக் கடன் வட்டி 2 லட்சம், என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) 50,000 என்று எல்லாவற்றையும் கூட்டினாலும் பாதிதான் தேறும்.

ஆகவே பாலிசி கேள்விக்கு என் பதில்: வரிக்காக எடுக்காதீர்கள். உங்களுக்கு மிச்சமாக்க வரியே இல்லை. ஏஜிஐ (ராணுவக் குழுக் காப்பீடு) பிடித்தம் ஏற்கனவே சம்பளத்தில் போகிறது, ஃபண்டில் (சேமநிதியில்) பணம் சேர்கிறது. குடும்பத்துக்குக் காப்பீடு போதவில்லை என்று தோன்றினால் டெர்ம் பாலிசி (உயிருக்கு மட்டுமான காப்பீடு, சேமிப்பு இல்லாதது) எடுங்கள், அது வேறு விஷயம். சர்வீஸ் முடிய மூன்று வருடம் இருக்கும்போது ஆண்டுக்கு 60,000 பிரீமியத்தில் எண்டோமென்ட் பாலிசி (காப்பீடும் சேமிப்பும் சேர்ந்தது) எடுத்த ஒரு நாயக்கை எனக்குத் தெரியும். டிஸ்சார்ஜுக்குப் பின் பென்ஷனில் அதைக் கட்ட முடியாமல் பாதியில் விட்டார். கட்டியதில் பெரும்பகுதி போயிற்று.

இதைவிட மோசமானது ரிஃபண்ட் வாங்கித் தருகிறேன் என்று வருபவர்கள். பிடித்த வரியில் முக்கால்வாசி திரும்பி வரும், அதில் எனக்கு ஒரு பங்கு கொடு என்பார்கள். கொடுக்காத நன்கொடை, இல்லாத வீட்டு வாடகை, இல்லாத ஊனம், கட்சிக்குக் கொடுத்ததாக ஒரு தொகை என்று எதையாவது பழைய முறையில் எழுதி ரிட்டர்ன் போட்டுவிடுவார்கள். பணமும் சில வாரத்தில் வந்துவிடும், அதனால் யூனிட்டில் ஒருவரைப் பார்த்து நாற்பது பேர் போடுகிறார்கள். 2025 ஜூலையில் வருமான வரித்துறை தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் இப்படிப் பொய்க் கழிவு போடுபவர்களைத் தேடிச் சோதனை நடத்தியது. நோட்டீஸ் வந்தால் அது ரிட்டர்ன் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் வரும். வேண்டுமென்று தவறாகக் காட்டியதாக முடிவானால், வரியும் வட்டியும் போக, வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம். பலருக்கு நோட்டீஸ் வந்ததே தெரியவில்லை. காரணம், போர்ட்டலில் அந்த ஏஜென்ட் தன் மெயிலையும் தன் செல் நம்பரையும் கொடுத்து வைத்திருப்பார். தம்பி, இன்றைக்கே உங்கள் பேன் எண்ணில் உள்ளே போய், எந்த நம்பர் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். முன்பு யாரிடமாவது அப்படிப் போட்டிருந்தால், நோட்டீஸ் வரும் வரை காத்திருக்காமல் திருத்திய ரிட்டர்ன் போடலாம். அந்தக் கெடு முடிந்திருந்தால் அப்டேட்டட் ரிட்டர்ன் இருக்கிறது, இப்போது நான்கு வருடம் வரை அவகாசம் தருகிறார்கள். தாமதிக்கத் தாமதிக்கக் கூடுதல் வரி ஏறும் என்பதால் சீக்கிரம் செய்வது நல்லது.

சரி, மொத்தப் பணம். கிராஜுவிட்டிக்கு வரி இல்லை. கம்யூட்டேஷன் தொகைக்கு (பென்ஷனின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து முன்கூட்டியே மொத்தமாக வாங்கும் பணம்) வரி இல்லை. டிஸ்சார்ஜின்போது வரும் லீவ் என்கேஷ்மென்ட்டுக்கு (எடுக்காத விடுப்புக்கான பணம்) வரி இல்லை. ஃபண்டில் சேர்ந்திருப்பதற்கும் இல்லை. இரண்டு வரி முறையிலும் இதுதான் நிலை. ரிட்டர்னில் இவற்றை விலக்குப் பெற்ற வருமானமாகக் காட்டிவிடுங்கள். இவ்வளவு பணம் எப்படி வந்தது என்று பின்னால் யாரும் கேட்டால், அந்தத் தாளே பதில் சொல்லும். சர்வீஸின் நடுவில் எல்டிசிக்காக (விடுப்புப் பயணச் சலுகை) எடுத்த லீவ் என்கேஷ்மென்ட் மட்டும் சம்பளமாகவே கணக்கில் வரும்.

பென்ஷன் அப்படியல்ல, அது சம்பளத்தைப் போல வரிக்கு உட்பட்டது. படைவீரர்கள் பென்ஷனில் 50 சதவீதம் வரை கம்யூட் செய்யலாம். மீதி பென்ஷனும் முழு பென்ஷன் மீது கணக்கிடப்படும் அகவிலை நிவாரணமும் சேர்ந்ததுதான் மாத வரவு. உங்கள் விவரத்தை வைத்துப் பார்த்தால் அது சுமார் 28,000 வரும். 15 வருடம் கழித்து கம்யூட் செய்த பகுதி திரும்பச் சேரும்போது, வரிக்கான தொகையும் அந்த அளவுக்கு ஏறும்.

டிஸ்சார்ஜ் ஆகும் வருடத்தில் உங்களுக்கு இரண்டு ஃபாரம் 16 (வருமானமும் பிடித்த வரியும் காட்டும் சான்று) வரும். எட்டு மாதச் சம்பளத்துக்குச் சம்பள அலுவலகத்திலிருந்து ஒன்று, நான்கு மாத பென்ஷனுக்கு ஸ்பர்ஷிலிருந்து (பாதுகாப்புத் துறையின் பென்ஷன் வழங்கும் அமைப்பு) ஒன்று. இரண்டிலும் 75,000 கழித்திருப்பார்கள். நீங்கள் ஒரு முறைதான் கழிக்கலாம். இந்த வருடம் கூட்டினாலும் எட்டரை லட்சத்தைத் தாண்டாது என்பதால் உங்களுக்கு வரி வராது. ஆனாலும் இரண்டையும் சேர்த்தே ரிட்டர்ன் போடுங்கள்.

இப்போது நான் அதிகம் கவலைப்படும் இடம். வங்கியில் சம்பளப் பாதுகாப்போடு (ராணுவத்தில் கடைசியாக வாங்கிய சம்பளத்தை ஒட்டிச் சம்பளம் நிர்ணயிப்பது) சேர்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம், மாதம் 80,000. ஆண்டுக்கு 9.6 லட்சம். வங்கி தன் கணக்கில் பார்க்கும்: 75,000 போனால் 8.85 லட்சம், ரிபேட்டில் கழிந்துவிடும், வரி பிடிக்க வேண்டாம். ஸ்பர்ஷ் தன் கணக்கில் பார்க்கும்: ஆண்டுக்கு 3.36 லட்சம், அதற்கும் வரி இல்லை. மொத்தப் பணத்தில் 20 லட்சத்தை 7 சதவீதத்தில் எஃப்டி போட்டிருந்தால் வட்டி 1.4 லட்சம். அதில் 10 சதவீதம், 14,000 மட்டும் பிடிப்பார்கள். யார் கணக்கும் தவறில்லை, ஆனால் மூன்றையும் யாரும் கூட்டவில்லை. கூட்டினால் 14.36 லட்சம். கழிவு போக 13.61 லட்சம். 12 லட்சத்தைத் தாண்டிவிட்டதால் ரிபேட் இல்லை, வரி 4 லட்சத்திலிருந்தே கணக்காகும்: 84,150. செஸ் (வரி மீதான கூடுதல் வரி) சேர்த்து 87,516. பிடித்த 14,000 போக 73,516 ரூபாயை ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது மொத்தமாகக் கட்ட வேண்டும். வருடம் முழுவதும் முன்கூட்டியே கட்டாததற்கு வட்டி வேறு, ஆறாயிரத்துக்கு மேல். எனக்கு ஒரு ரூபாய்கூட வரி பிடிக்கவில்லையே, எப்படி வரும் என்று ஒவ்வொரு ஜூலையிலும் என் முன்னால் உட்கார்ந்து கேட்பவர்கள் உண்டு. சிலர் பென்ஷனைக் காட்டாமலேயே ரிட்டர்ன் போட்டிருப்பார்கள். பேன் எண்ணில் எல்லாம் ஏஐஎஸ்ஸில் (வரித்துறை வைத்திருக்கும் ஆண்டு வருமானத் தகவல் பட்டியல்) ஏறிவிடுகிறது, மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது.

இதற்கு வழி எளிது. வேலையில் சேர்ந்த முதல் மாதமே, என் பென்ஷன் இவ்வளவு, வட்டி இவ்வளவு என்று வங்கியின் சம்பளப் பிரிவில் எழுதிக் கொடுங்கள். சேர்த்துக் கணக்கிட்டு மாதாமாதம் பிடித்துவிடுவார்கள். அவர்கள் செய்ய மறுத்தால் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15-ஆம் தேதிகளில் நீங்களே அட்வான்ஸ் வரி கட்டுங்கள். ஆண்டு வரி பாக்கி 10,000-ஐத் தொட்டாலே அது கட்டாயம்.

மனைவி பெயரில் போடுவது பற்றி. போடலாம், வீட்டுப் பாதுகாப்புக்கு அது நல்லதுகூட. ஆனால் வரி குறையாது. கணவன் கொடுத்த பணத்தில் மனைவிக்கு வரும் வட்டி கணவனின் வருமானத்தோடுதான் சேரும். மனைவி 15ஜி (வரி பிடிக்க வேண்டாம் என்று வங்கிக்குக் கொடுக்கும் படிவம்) கொடுத்து, வட்டியில் பிடிக்கும் வரியான டிடிஎஸ்ஸைத் தவிர்த்தாலும் அந்த 1.4 லட்சம் உங்கள் ரிட்டர்னில் வர வேண்டும். அந்த வட்டியை அவர் எடுத்து வேறு இடத்தில் போட்டு, அதிலிருந்து வரும் வருமானம் மட்டும் அவருடையது.

அம்மா விஷயத்தில் சட்டம் வேறு. மகன் தாய்க்குக் கொடுக்கும் பணத்துக்கு அம்மாவுக்கும் வரி இல்லை, அதில் வரும் வட்டி மகன் கணக்கில் சேர்வதும் இல்லை. அந்த 20 லட்சம் அம்மா பெயரில் இருந்தால் உங்கள் வருமானம் 12.21 லட்சமாக இறங்கும். 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு தாண்டியதோ அதைவிட அதிகமாக வரி வாங்கக் கூடாது என்று ஒரு விதி இருப்பதால், வரி 21,000, செஸ் சேர்த்து 21,840. முன்பு 87,516. அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் என்றால், அதில் 25,000 கழிவு போக, வட்டியும் சேர்ந்து 4 லட்சத்துக்குள்தான் நிற்கும். அவர் வங்கியில் 15எச் (15ஜி போலவே மூத்த குடிமக்களுக்கான படிவம்) கொடுத்துவிட்டால் டிடிஎஸ்ஸும் இல்லை.

ஆனால் தம்பி, இதைச் செய்யும் முன் இரண்டு முறை யோசியுங்கள். கொடுத்தால் அது உண்மையிலேயே அம்மாவின் பணம். நாளை அவர் காலத்துக்குப் பின் உயில் இல்லாவிட்டால் உங்கள் உடன்பிறந்த எல்லோருக்கும் அதில் சம பங்கு உண்டு. நாமினியாக உங்கள் பெயர் இருப்பது பணத்தை வாங்கிக்கொள்ளும் உரிமை மட்டும்தான், சொத்துரிமை ஆகாது. 65,000 ரூபாய் வரிக்காக அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோன வீட்டை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசி, பணத்தை வங்கி வழியாக மாற்றி, ஒரு தாளில் தானம் என்று எழுதி, அம்மாவும் உயில் எழுதினால் செய்யுங்கள். இல்லையென்றால் வரியைக் கட்டிவிடுங்கள்.

அம்மாவுக்காக இன்னொரு விஷயம். ஓஆர்ஓபி (ஒரே பதவி, ஒரே பென்ஷன்) திருத்தத்தை 2022 டிசம்பரில் அறிவித்து, 2019 ஜூலை முதல் கணக்கிட்டு நிலுவை கொடுத்தார்கள். இப்படிப் பல வருட நிலுவை ஒரே வருடத்தில் வந்து வரி விழுந்தால், அந்தந்த வருடத்துக்குப் பிரித்துப் போட்டு நிவாரணம் கேட்கலாம். குடும்ப ஓய்வூதிய நிலுவைக்கும் இது உண்டு. ரிட்டர்ன் போடுவதற்கு முன்பே ஃபாரம் 10இ-யை ஆன்லைனில் போட்டிருக்க வேண்டும். அதை மறந்துவிட்டு ரிட்டர்னில் மட்டும் நிவாரணம் எழுதினால், தள்ளுபடி செய்து நோட்டீஸ் அனுப்பிவிடுவார்கள். உங்களுக்கும் பின்னால் இப்படி நிலுவை வரலாம், நினைவில் வையுங்கள்.

சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்தில் படைவீரர்கள் 50 வயதிலேயே சேரலாம், மற்றவர்களைப் போல 60 வரை காத்திருக்க வேண்டாம். 2025–26-இல் 8.2 சதவீதம், 30 லட்சம் வரை போடலாம். உங்களுக்கு அதற்கு இன்னும் சில வருடம் இருக்கிறது. வட்டிக்கு வரி உண்டு என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்சார்ஜ் மெடிக்கலில் ஊனச் சதவீதம் போட்டால் பென்ஷன் முழுவதும் வரியில்லை என்று யூனிட்டில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 2019 ஜூனில் நேரடி வரிகள் வாரியம் விட்ட சுற்றறிக்கைப்படி, சர்வீஸில் ஏற்பட்ட ஊனத்தால் பாதியிலேயே வெளியேற்றப்பட்டவர்களுக்குத்தான் அந்த விலக்கு. காலம் முடிந்து வருபவருக்கு இல்லை. அதனால் அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். பரம் வீர், மகா வீர், வீர் சக்ரா போன்ற வீரதீர விருது பெற்றவர்களின் பென்ஷனுக்கும், அவர்கள் குடும்பத்தின் பென்ஷனுக்கும் வரியே கிடையாது. களத்தில் உயிர்நீத்தவர்களின் குடும்ப ஓய்வூதியத்துக்கும் அப்படியே. உங்கள் ஊரில் அப்படி ஒரு குடும்பத்துக்கு வரி பிடித்திருந்தால், பிபிஓவையும் (பென்ஷன் ஆணை) களத்தில் இறந்ததற்கான சான்றையும் எடுத்துக்கொண்டு ரிட்டர்ன் போட்டுப் பணத்தைத் திரும்ப வாங்கிக் கொடுங்கள். அந்தப் பெண்களில் பலருக்கு இந்த விலக்கு இருப்பதே தெரியாது. நான் சந்தித்த எத்தனையோ பேர் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டார்கள்.

இவற்றோடு அக்னிவீராக (நான்கு வருடத்துக்கு மட்டும் சேர்க்கப்படும் வீரர்) இருக்கும் மச்சானைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். முதல் வருடம் 30,000 சம்பளத்தில் 9,000 பிடித்து, அரசும் 9,000 போடுகிறது. நான்கு வருடத்தில் இரண்டு பங்கும் சேர்ந்து 10.04 லட்சம், வட்டி தனி. முடிவில் வரும் சேவா நிதிக்கு வரி கிடையாது. அரசு போடும் பங்குக்கு இரண்டு வரி முறையிலும் கழிவு உண்டு, தன் பங்குக்குப் பழைய முறையில் மட்டும். அவருடைய சம்பளத்துக்கு எப்படிப் பார்த்தாலும் வரி வராது. செல்போனில் பங்குச் சந்தை ஆப்ஷன் டிரேடிங் செய்கிறாரா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். லாபமோ நஷ்டமோ, அது வியாபார வருமானம். சாதாரண ரிட்டர்ன் போதாது, ஐடிஆர் 3 போட வேண்டும்.

நவம்பருக்கு முன் கையில் வாங்கிக்கொள்ள வேண்டியவை: ஏப்ரல் முதல் எல்லா மாத பே ஸ்லிப்பும் ஹம்ராஸிலிருந்து (ராணுவத்தினருக்கான செயலி) இறக்கி வையுங்கள், வெளியே வந்த பிறகு எடுப்பது சிரமம். பிபிஓ நகல், ஃபண்ட் கடைசிக் கணக்கு, கம்யூட்டேஷன் தொகை எழுதிய தாள், இவற்றையும். ஜூன் மாதம் இரண்டு ஃபாரம் 16-உம் வந்ததும் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்தே போட்டுவிடலாம்.